மச்சானுக்கு: அலாய் வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாரு

மச்சான்,

நீயே வார்த்த ஈயக்குண்ட சுட்டா ரிவால்வர் பேரல்ல ஈயம் அப்புது, சுரண்டி சுரண்டி கை வலிக்குது, அதனால குண்டு வார்க்க இன்னும் கெட்டியான அலாய், அதாவது ஈயக் கலவை, வாங்கப் போறேன்னு எழுதியிருக்க. வாங்காதடா. காசு கொடுத்துட்டியோ இல்லையோ தெரியல, கொடுக்கலன்னா இந்த லெட்டர படிச்சு முடிக்கிற வரைக்கும் பொறு, கொடுத்துட்டன்னாலும் பரவால்ல, அத அப்படியே மூலையில வச்சிரு, பின்னாடி வேற துப்பாக்கிக்கு உதவும்.

முதல்ல வீட்டு விஷயம். முட்டி ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் நல்லா நடக்கிறேன், ரேஞ்சுல நின்னு சுட முடியுது, ஆனா கண்ணு தான் முன்ன மாதிரி இல்ல, முன்சைட்டு தெளிவா தெரிஞ்சா டார்கெட் மங்குது, டார்கெட் தெரிஞ்சா சைட்டு மங்குது, டாக்டர் சைட்டு இருக்குற தூரத்துக்குன்னே தனியா ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார், அது போட்டதுலருந்து மறுபடி ஆசையா போறேன். பொண்ணு வேலை மாறிட்டா. பேரன் தவழ ஆரம்பிச்சுட்டான், அவனால ஷெட்டுல சில பழக்கங்கள அடியோட மாத்திருக்கேன், அத கடைசில சொல்றேன், அது உனக்கும் வேணும்.

இப்போ உன் விஷயத்துக்கு வர்றேன். ஈயம் அப்புதுன்னா குண்டு மெத்துன்னு இருக்கு, கெட்டியாக்கணும், இப்படித் தான் எல்லாரும் நினைக்கிறாங்க. கேக்க நியாயமா தான் இருக்கு. ஆனா பேரலுக்குள்ள நடக்குறது வேற. பேரல் உள்ள சுருளா வெட்டியிருக்குற பள்ளத்தோட அளவவிட குண்டு ஒரு நூலு சின்னதா இருந்தா, மருந்து எரிஞ்சு பின்னாலருந்து வர்ற சூடான கேஸ் அந்த இடுக்கு வழியா முன்னாடி பாயும், பாயும்போது குண்டோட பக்கத்துல இருக்குற ஈயத்த உருக்கி அறுத்து எடுத்துட்டுப் போய் முன்னாடி பேரல் சுவத்துல ஒட்ட வைக்கும், அடுத்த குண்டு அது மேல தேச்சுட்டுப் போய் இன்னும் கொஞ்சம் சேத்து வைக்கும். இதுல குண்டோட கெட்டித்தனம் ரெண்டாம்பட்சம். இடுக்கு இருக்கா இல்லையா, அதான் கேள்வி. கால் அளவு தெரியாம தோல் எவ்ளோ உசத்தின்னு பாத்து செருப்பு வாங்குனா நடக்க முடியுமா?

கெட்டியான அலாய் உன் விஷயத்துல இன்னும் மோசமாக்கும்னு நான் சொல்றதுக்கு ஒரு கணக்கு இருக்கு பாரு. ஈயக்குண்டு பின்னாலருந்து அடிக்கிற அழுத்தத்துல கொஞ்சம் நசுங்கி விரியும், விரிஞ்சு பள்ளத்த அடைச்சுக்கும். 1849ல பிரெஞ்சு ராணுவ அதிகாரி மினியே பண்ண குண்டுக்கு அடியில குழி விட்டதே இதுக்குத் தான், சுடும்போது குண்டோட அடி விளிம்பு பாவாடை மாதிரி விரிஞ்சு ரைஃப்ளிங்க, அதான் அந்த சுருள் பள்ளங்கள, புடிச்சுக்கும். நம்ம குண்டுக்கும் அந்த விரியிற குணம் ஓரளவு உண்டு, ஆனா அலாய் கெட்டியாக கெட்டியாக அத விரிக்க அதிக அழுத்தம் வேணும். வார்க்கிறவங்க பல காலமா சொல்ற தோராயக் கணக்கு, அலாயோட கெட்டித்தனத்த சொல்ற பிரினெல் எண்ண 1,422ஆல பெருக்கு, அவ்ளோ பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு எத்தன பவுண்டு) அழுத்தம் வந்தா தான் அந்தக் குண்டு விரிய ஆரம்பிக்கும்னு. நீ இப்போ வார்க்கிறது பழைய வீல் வெயிட் ஈயம், அதான் கார் சக்கரத்துல பேலன்ஸுக்கு வைக்கிறது, அது சுமாரா 12ன்னு வை, 17,000 பக்கம் வருது. உன் 38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு அனுமதிச்ச உச்ச அழுத்தமே 17,000 தான், நீ சுடுற மிதமான லோடு (மருந்து அளவு) அதுக்கும் கீழ. அதாவது இப்பவே உன் குண்டு விரியிறது சந்தேகம். நீ வாங்கப் போற லைனோடைப், அச்சகத்து எழுத்து வார்க்குற கலவை, அதோட பிரினெல் 22, பெருக்கிப் பாத்தா 31,000க்கு மேல போகுது. 38ல அந்த அழுத்தம் வரவே வராது, குண்டு கல்லு மாதிரி சின்னதாவே உள்ள ஓடும், கேஸ் ரெண்டு பக்கமும் அறுத்துட்டுப் போகும். 357 மேக்னம் ஃபுல் லோடுன்னா 35,000 வரைக்கும் உண்டு, அங்க கெட்டி அலாய்க்கு ஒரு நியாயம் இருக்கு. உனக்கு இல்ல. இந்தக் கணக்கு அப்படியே சட்டம் கிடையாது, ஆனா எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு காட்டும்.

சரி, அப்போ என்ன அளவு வேணும்? புத்தகத்துல ஒரு நம்பர் இருக்கும், 38க்கும் 357க்கும் வார்த்த குண்டு 0.358 இன்ச், 9 எம்எம்க்கு 0.356, 45 ஏசிபிக்கு 0.452, 44 மேக்னத்துக்கு 0.430. ஜாக்கெட் (மேல செம்பு உறை) போட்ட குண்டவிட ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு பெருசு, பொதுவா அவ்ளோ தான். அது ஆரம்பம் மட்டும் தான் மச்சான். பதில் உன் துப்பாக்கிக்குள்ள இருக்கு, டப்பா மேல இல்ல. 45 கோல்ட்ட எடுத்துக்கோ, பழைய காலத்து பேரல்ங்கள்ல பள்ளம் 0.454 இருக்கும், இப்ப வர்றதுல 0.452, ஒரே தோட்டா பேரு, ரெண்டு அளவு.

அளக்குறது எப்படின்னு உனக்கு ஓரளவு தெரியும், ஆனாலும் சொல்றேன், ஏன்னா நீ எழுதுனதுல பேரல மட்டும் தான் அளக்குற மாதிரி இருக்கு. முதல்ல காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பாரு. பேரல்ல நல்லா எண்ணெய் விடு. சுத்தமான ஈயம், மெத்துன்னு இருக்கணும், தூண்டில்ல கட்டுற குண்டு இருந்தா போதும், பள்ளத்தவிட லேசா பெருசா இருக்குறத பேரலோட வாய்ப் பக்கமா வச்சு மரச்சுத்தியால தட்டி உள்ள ஏத்து, அப்புறம் பித்தளைக் கம்பியோ மரக்கட்டையோ வச்சு மெதுவா தள்ளு. தள்ளும்போது கைய கவனி. ஒரே சீரா போகணும். ரிவால்வர்ல பேரல ஃப்ரேமுக்குள்ள திருகி ஏத்துற இடத்துல திடீர்னு இறுகுச்சுன்னா அங்க பேரல் லேசா நெருங்கியிருக்குன்னு அர்த்தம், அந்த இடத்துல நசுங்குன குண்டு அதுக்கப்புறம் பேரல் முழுக்க சின்னதாவே ஓடும், நீ எந்த சைஸிங் டை (குண்ட உள்ள தள்ளி ஒரே அளவாக்குற எஃகு வளையம்) போட்டு எத்தன அழகா சைஸ் பண்ணாலும் அங்க எல்லாம் வீணாயிரும். அப்படி இருந்தா நீயா கை வைக்காத, துப்பாக்கி வேலை தெரிஞ்ச ஆள் கிட்ட கொடு, லேப்பிங் பண்ணி, அதாவது உள்ள நைஸா தேச்சு, சரி பண்ணலாம்.

வெளிய வந்த ஈயத்த கேலிப்பர்ல அளக்காத. கேலிப்பர் ஆயிரத்துல ஒரு பங்கு அப்படி இப்படி காட்டும், நமக்கு சண்டையே அந்த ஒரு பங்குல தான். மைக்ரோமீட்டர் வேணும், பத்தாயிரத்துல ஒண்ணு வரை படிக்கிறது. இன்னொண்ணு, உன்னோடது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தானே, அதுல அஞ்சு பள்ளம், அதனால ஒரு பள்ளத்துக்கு நேர் எதிர்ல மேடு தான் வரும், சாதா மைக்ரோமீட்டர் தாடை ரெண்டும் பள்ளத்தோட முழு அளவ புடிக்காது, நிஜ அளவவிட கம்மியா காட்டும். வி வடிவ ஆன்வில் (அசையாத தாடை) வச்ச மைக்ரோமீட்டர் தான் ஒத்தப்படை பள்ளத்துக்கு சரி. அது இல்லன்னா கவலப்படாத, ரிவால்வர்ல பேரல் அளவவிட முக்கியமான அளவு வேற ஒண்ணு இருக்கு.

சிலிண்டர் த்ரோட்டு. சிலிண்டர்ல தோட்டா உக்கார்ற ஒவ்வொரு ஓட்டையோட (சேம்பர்) முன்பக்கத்து வாய். குண்டு பேரலுக்குப் போறதுக்கு முன்னாடி அது வழியா தான் போயாகணும். பேரல் பள்ளம் 0.357 இருக்கு, நீ 0.358ல சைஸ் பண்ணிட்ட, எல்லாம் சரின்னு நினைக்கிற, ஆனா த்ரோட்டு 0.356 தான் இருக்குன்னா? குண்டு தோட்டாக் கூட்ட விட்டு வெளிய வந்த உடனே த்ரோட்டு அத 0.356க்கு நசுக்கிரும், பேரலுக்கு வர்றப்போ அது சின்னக் குண்டு, மறுபடி இடுக்கு, மறுபடி ஈயம். ரிவால்வருக்குள்ளயே ஒரு சைஸிங் டை உக்காந்திருக்கு மச்சான், உன் டைய விட அதோட பேச்சு தான் கடைசில எடுபடும். அதனால தான் உன் கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குறேன், ஈயம் பேரல்ல எங்க அப்புது? சிலிண்டர் பக்கத்துல, பேரலோட பின்வாய்ல இருக்குற ஃபோர்சிங் கோன்லயே ஆரம்பிக்குதுன்னா குண்டு சின்னது, முக்கால்வாசி அதான் காரணம். பேரல் வாய் பக்கத்துல மட்டும் அப்புதுன்னா குண்டுல பூசுன கிரீஸ் பாதி வழியிலயே தீந்து போகுது, அது வேற வியாதி, வேற மருந்து. நீ பேரல்ல ஈயம்னு மட்டும் எழுதியிருக்க, எங்கன்னு எழுதல.

த்ரோட்ட பாக்குறதுக்கு பெரிய கருவி ஒண்ணும் வேணாம். சிலிண்டர கழட்டி வெளிய எடு, சைஸ் பண்ண குண்ட முன்பக்கத்துலருந்து விரலால தள்ளிப் பாரு. தானா விழுந்தா குண்டு சின்னது. விரல் அழுத்தத்துல லேசா பிடிச்சுட்டு போச்சுன்னா அதான் சரி. எவ்ளோ அழுத்துனாலும் போகலன்னா த்ரோட்டு சின்னது இல்ல குண்டு பெருசு. ஆறையும் பாரு, ஆறும் ஒண்ணா இருக்கும்னு நம்பாத, அஞ்சு சரியா இருந்து ஒண்ணு மட்டும் இறுக்கமா இருக்குறது உண்டு, டார்கெட்ல எப்பவும் ஒரு குண்டு மட்டும் தள்ளி விழுதேன்னு பல பேர் தன் கைய திட்டிட்டு இருப்பாங்க, காரணம் அந்த ஒரு ஓட்டையா இருக்கும். த்ரோட்டு பேரல் பள்ளத்துக்கு சமமாவோ லேசா பெருசாவோ இருக்கணும், குண்டு த்ரோட்டுக்கு பொருந்தணும். இது ரெண்டும் அமைஞ்சா நீ வச்சிருக்குற சாதா வீல் வெயிட் ஈயமே போதும், நான் ஆணையா சொல்றேன். த்ரோட்டு பேரல விட சின்னதா இருந்தா மட்டும் ரீமர் (ஓட்டைய சுரண்டிப் பெருசாக்குற கருவி) போட்டு ஆறையும் ஒரே அளவுக்கு கொண்டு வரணும், அதுவும் தெரிஞ்ச ஆள் வேலை.

சைஸிங் டைக்கு வர்றேன். நீ இப்போ வச்சிருக்குறது லைமன் கம்பெனி மிஷின்ல ஒண்ணுன்னு நினைக்கிறேன், மேல ஒரு பஞ்ச் குண்டு மூக்க அமுக்கும், அடிப்பக்கம் முதல்ல டைக்குள்ள இறங்கும், அங்கயே கிரீஸும் ஏறும், அப்புறம் திரும்ப மேல வரும். ஒரே இழுப்புல ரெண்டு வேலை, நல்ல மிஷின், ஆனா மேல் பஞ்ச் குண்டோட மூக்கு வடிவத்துக்கு ஒத்து வரலன்னா குண்டு சாஞ்சு இறங்கும், ஒரு பக்கம் பளபளன்னு தேஞ்சு, இன்னொரு பக்கம் டை தொடாத மாதிரி இருக்கும். உன் குண்ட வெளிச்சத்துல சுத்திப் பாரு, அப்படி இருந்தா பஞ்ச மாத்து. லீ கம்பெனியோட டை வேற மாதிரி, மூக்கு மேல பாத்திருக்கும், தட்டையான அடிய கீழருந்து ராம் (பிரஸ்ஸோட தண்டு) தள்ளும், குண்டு ஒரே நேரா டைக்குள்ள புகுந்து மேல டப்பாவுல விழும். கிரீஸ் அதுல ஏறாது, தனியா தான் பூசணும். எனக்கு இப்போ இது தான் பிடிச்சிருக்கு, நேரா போகுது, வேகமா போகுது.

எவ்ளோ குறைக்கலாம்? ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்கு. மூணு தாண்டுனா குண்டுக்கு நல்லதில்ல, கிரீஸ் பள்ளம் ஆழம் கொறஞ்சிரும், அடி ஓரத்துல மெல்லிசா பிசிறு தள்ளும், அடி ஓரம் கெட்டா குறியும் கெடும், ஏன்னா பேரல விட்டு கடைசியா வெளிய வர்றது அந்த ஓரம் தான். அச்சுலருந்து விழுறப்பவே த்ரோட்டுக்கு பொருந்துதுன்னா சைஸே பண்ணாத, கிரீஸ் மட்டும் பூசி சுடு. சைஸ் பண்றதுன்னாலே குண்ட சின்னதாக்குறதுன்னு ஒரு எண்ணம் இருக்கு பாரு, அத விடு, எல்லா குண்டையும் ஒரே வட்டமா, துப்பாக்கி கேக்குற அளவுல கொண்டு வர்றது தான் வேலை, எவ்ளோ கம்மியா தொடுறியோ அவ்ளோ நல்லது.

டை மேல 0.358ன்னு பொறிச்சிருக்கும், வெளிய வர்றது 0.358ன்னு நம்பாத. மெத்து அலாய் ஒரு அளவுல வரும், கெட்டி அலாய் டைய விட்டு வந்ததும் லேசா திரும்ப விரியும், அதே டைல ரெண்டு அளவு. உன் அலாய் போட்டு, வெளிய வந்த குண்ட அளந்து பாத்து தான் எழுதி வைக்கணும். டை சின்னதா இருந்தா நல்ல நைஸான எமரி பேப்பர மரக்குச்சியில சுத்தி சுழட்டி பெருசாக்கலாம், கொஞ்சம் தேச்சு, கழுவி, ஒரு குண்டு தள்ளி, அளந்து, மறுபடி. அவசரப்பட்டா திரும்ப சின்னதாக்க முடியாது.

நேரமும் ஒரு விஷயம். சூடா அச்சுலருந்து தண்ணில போடுறோமே, ஆன்டிமணி (ஈயத்த கெட்டியாக்க சேக்குற உலோகம்) இருக்குற ஈயம் அதுல கெட்டியாகும், உடனே இல்ல, நாளாக நாளாக ஏறும். அதனால வார்த்த அன்னைக்கே சைஸ் பண்ணு, சுலபமா போகும். வாரம் கழிச்சு பண்ணா கை வலிக்கும், திரும்ப விரியிறதும் அதிகம், கஷ்டப்பட்டு ஏத்துன மேல் தோல் கெட்டித்தனம் நசுங்குற இடத்துல கொஞ்சம் இறங்கியும் போகும்.

உன் அச்சு குண்டே சின்னதா போடுதுன்னா என்ன பண்றது? இங்க அலாய்க்கு ஒரு இடம் உண்டு, ஆன்டிமணி கூடுனா ஆறும்போது சுருங்குறது கம்மி, குண்டு லேசா பெருசா விழும், சுத்த ஈயம் போட்டா சின்னதா விழும். இல்லன்னா அச்சோட ரெண்டு பாதிக்கும் நடுவுல சூடு தாங்குற அலுமினிய டேப்ப சின்னதா ஒட்டி இடைவெளி விடுவாங்க, கொஞ்சம் முட்டை வடிவமா விழும், அத டைல தள்ளுனா வட்டமாயிரும். பவுடர் கோட்டிங், அதாவது பெயின்ட் தூள் பூசுறது, இன்னொரு வழி, 200 டிகிரில இருபது நிமிஷம் ஓவன்ல வச்சா மேல ஒரு தோல் ஏறும், ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்கு கூடும், கோட்டிங்குக்கு அப்புறம் சைஸ் பண்ணு. ஆனா தண்ணில போட்டு ஏத்துன கெட்டித்தனம் அந்த ஓவன் சூட்டுல இறங்கிரும், வேணும்னா ஓவன்லருந்தே மறுபடி தண்ணில கொட்டலாம்.

நம்ம பெரியவர் கதையும் சொல்லணும், அவர் 9 எம்எம் பிஸ்டல்ல வார்த்த குண்டு சுட்டு டார்கெட்ல ஓட்டை நீளவாக்குல விழுது, குண்டு உருண்டுட்டே போகுது. பேரல அளந்தா 0.356, குண்டு 0.357ல சைஸ் பண்ணியிருக்கார், எல்லாம் சரியா தான் இருக்கு, ஆனாலும் உருளுது, ஈயமும் அப்புது. அலாய மாத்தினார், கிரீஸ மாத்தினார், ஒண்ணும் கேக்கல. நான் போனப்போ ப்ரைமர் (மருந்த பத்த வைக்கிற சின்ன மூடி), மருந்து எதுவும் இல்லாத வெறும் டம்மி தோட்டா ஒண்ணு பண்ணி, அதுலருந்து குண்ட திரும்பப் பிடுங்கி அளக்கச் சொன்னேன். 0.354! 9 எம்எம் தோட்டாக் கூடு உள்பக்கம் அடியப் பாக்க பாக்க தடிச்சுட்டே போகும், அவர் எக்ஸ்பேண்டர் (கூட்டு வாய விரிக்கிற கருவி) ஜாக்கெட் குண்டுக்குன்னு செஞ்ச சின்னது, ஈயக்குண்ட உள்ள இறக்கும்போது கூடே அத நசுக்கிருச்சு. கார்பைட் வளையம் இருக்குற கிரிம்ப் டை (கூட்டு வாய குண்டு மேல இறுக்குறது) வச்சிருந்தா அதுவும் இதே வேலைய பண்ணும். ஈயக்குண்டுக்கு ஏத்த தடிமனான எக்ஸ்பேண்டர் போட்டதும் ஓட்டை வட்டமா விழ ஆரம்பிச்சுது, முகத்துல அவ்ளோ சந்தோஷம். நீயும் கட்டாயம் ஒரு டம்மி பண்ணி பிடுங்கி அளந்து பாரு, 38லயும் இது நடக்கும். டையிலருந்து வந்த அளவுல பாதிப் பேரு நின்னுர்றாங்க, கூட்ட விட்டு வெளிய வர்ற அளவு தான் கணக்கு. உன் கிட்ட பழைய கிளாக் இன்னும் இருக்குல்ல, அதுல இதெல்லாம் பண்ணாத, அந்த பேரல் வேற மாதிரி ரைஃப்ளிங், ஜாக்கெட் இல்லாத ஈயம் போடாதன்னு கம்பெனியே சொல்லியிருக்கு.

இப்போ பேரன் விஷயம். ஈயம் 327 டிகிரில உருகும், நாம வார்க்கிற சூட்டுல ஆவி பெருசா வராது, ஆனா மேல ஆடையா சேர்ற சாம்பல் தூள் தான் ஆபத்து, அது கையில, சட்டையில, செருப்புல ஒட்டி வீட்டுக்குள்ள வரும், தவழுற குழந்தை தரைய தொட்டு கைய வாயில வைக்கும். அமெரிக்க நோய் தடுப்பு மையம் (சிடிசி) 2021ல குழந்தைங்க ரத்தத்துல கவனிக்க வேண்டிய ஈய அளவ டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம்னு இறக்குனாங்க, அவ்ளோ கொஞ்சம். அதனால ஷெட்டுக்குன்னு தனி சட்டை, தனி செருப்பு, அது ஷெட்ட தாண்டாது. சாம்பல மூடி போட்ட டப்பாவுல போடுறேன், தரைய காஞ்ச தொடப்பம் வச்சு கூட்டுறதே இல்ல, ஈரத்துணி தான். டீ கூட உள்ள எடுத்துட்டுப் போறதில்ல. ரேஞ்சுலருந்து வந்தாலும் முதல்ல குளியல், சுடும்போது ப்ரைமர்லருந்து வர்ற ஈயம் வார்க்கிறதவிட அதிகம் உடம்புல சேரும், அத நிறைய பேர் யோசிக்கிறதில்ல. நீ ரத்த டெஸ்ட் எடுத்து எவ்ளோ நாளாச்சு? உன் வீட்டுக்கும் சின்னது வரப் போகுதுன்னு எழுதியிருக்க, இப்பவே எடு. அப்புறம் தண்ணி வாளிய சட்டி பக்கத்துல வைக்காத, உருகுன ஈயத்துல ஒரு சொட்டு தண்ணி போனா வெடிச்சு மூஞ்சில தெறிக்கும், கண்ணாடி போடாம சட்டி கிட்ட நிக்கவே நிக்காத.

நான் கேக்குறது இவ்ளோ தான், ஆறு த்ரோட்டும் தனித்தனியா எப்படி இருக்குன்னு, பேரல் பள்ளம் எவ்ளோன்னு, இறுகுற இடம் ஏதாவது இருந்துச்சான்னு, டம்மியிலருந்து பிடுங்குன குண்டு எவ்ளோன்னு, ஈயம் எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு எழுதி அனுப்பு. என் கிட்ட 0.357 டை ஒண்ணு சும்மா கிடக்கு, நீ சொல்ற அளவுக்கு தேச்சு பெருசாக்கி அனுப்புறேன், ஆனா உன் அலாய்ல வார்த்த, சைஸ் பண்ணாத குண்டு ஒரு கைப்பிடி அனுப்பி வை, அத தள்ளிப் பாத்து தான் தேய்க்க முடியும். தங்கச்சிய விசாரிச்சேன்னு சொல்லு.

உன்
பழைய கூட்டாளி